பின்வரிசைக்குத் தெரியாத சைகை: ஒரு ட்ரைபல் பெல்லி டான்ஸ் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே பழைய ஹால் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வாரம் இருமுறை கூடும் பெல்லி டான்ஸ் குழுவைப் பற்றியது இந்த ஆய்வு. ஆசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேல். மேடையேறி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதில் பாதிக்கு மேல் கற்பித்தும் வருகிறார். அவரோடு சேர்த்துக் குழுவில் ஏழு பெண்கள். நர்ஸ், பள்ளி ஆசிரியை, மென்பொருள் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற தபால் ஊழியர் என்று பலதரப்பட்டவர்கள். நான் அவர்களுக்கு தர்புகா என்ற அரபு மேளம் வாசிக்கிறேன். சென்னையில் மிருதங்கம் கற்று, இங்கே வந்தபின் அரபுத் தாளங்களுக்குத் தாவியதால், ஆட்டத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் எனக்குப் பழக்கம். கீழே சொல்வதிலும் அந்தச் சாய்வு இருக்கும். பெயர்களையும் ஊரையும் விட்டிருக்கிறேன். விவரங்களைச் சொல்லச் சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கியாயிற்று.

இவர்கள் ஆடுவது கெய்ரோ மேடைகளில் ஒருவர் தனியாக ஆடும் ரக்ஸ் ஷர்கி அல்ல. கலிஃபோர்னியாவிலேயே உருவான வகை. 1968-இல் ஜமீலா சலீம்பூர் 'பால் அனாத்' என்ற குழுவை, வட கலிஃபோர்னியாவில் நடந்த, பழைய ஐரோப்பிய வேடத்தில் கொண்டாடும் ரெனசான்ஸ் திருவிழாவுக்காக அமைத்தார். தலையில் வாள், கையில் பாம்பு, முகமூடி, பானை என்று திருவிழாக் கூட்டத்தை நிறுத்தி வைக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது. அவருடைய மாணவி மாஷா ஆர்ச்சர். ஆர்ச்சரின் மாணவி கரோலினா நெரிச்சியோ. இவர் 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'ஃபேட்சான்ஸ் பெல்லி டான்ஸ்' குழுவில்தான் இந்த ஆட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்து, 'அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது.

உடையைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், கொஞ்சம் சொந்தமும் தோன்றும். முதுகில் முடிச்சுப் போட்ட சோளி, ஆப்கானிஸ்தானின் கூச்சி நாடோடிகளின் நகைகள், விளிம்பை அளந்தால் இருபத்தைந்து கெஜம் வரும் பாவாடை, தலைப்பாகை, நெற்றியில் பொட்டு. எந்த ஊரிலும் யாரும் இப்படி மொத்தமாக உடுத்தியதில்லை. ஆகவே இந்த ஆட்டத்தில் கலப்பு கூடாது என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டுக்குப் பிறகு கூடாது என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஆட்டம் நடக்கும் விதம்

முன்கூட்டியே கோத்து வைத்த நடனம் இதில் கிடையாது. ஒரே அசைவுத் தொகுதி எல்லோருக்கும் தெரியும். எது எப்போது வரும் என்பது மேடையில் அந்த நொடியில் முடிவாகும். ஆடுபவர்கள் தங்கள் இடப்பக்க முன்மூலையைப் பார்த்துச் சாய்வாக நிற்பார்கள். இடது ஓரத்தில் முன்னால் நிற்பவர் லீடர். மற்றவர்கள் அவருக்குப் பின்னாலும் வலப்பக்கமும். அடுத்த அசைவுக்கு முன் லீடர் ஒரு சைகை கொடுப்பார்: கை உயரும், தலை தோள் பக்கம் திரும்பும், உடம்பின் கோணம் மாறும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அதே தாள அடியில் அதே அசைவுக்குள் போய்விடுவார்கள். லீடர் விலகினால் அடுத்தவர் அந்த இடத்துக்கு வருவார். ஆட்கள் அதிகம் இருந்தால் சிலர் பின்னால் அரைவட்டமாக நின்று எளிய அசைவுகளைச் செய்துகொண்டிருக்க, முன்னால் இருவர், மூவர், நால்வராக மாறி மாறி வருவார்கள். வேகமான பாட்டில் விரல்களில் ஜில் என்னும் சின்னத் தாளங்கள் வலது-இடது-வலது என்று ஓயாமல் ஒலிக்கும். நடுநடுவே பின்வரிசையிலிருந்து குலவை.

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மிருதங்கக்காரர் முடிப்புக் கோவையான மோராவுக்குள் நுழைந்ததுமே, முடிக்கப் போகிறார் என்று கடம் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். பேசி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் மோரா காதில் விழுவது. இங்கே எல்லாமே கண். லீடரின் முதுகும் வலப்பக்கமும் மட்டும் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு பிடிக்க வேண்டும். வேக அசைவுகளில் பெரும்பாலானவை வலப்பக்கத்திலிருந்தே தொடங்குவதும் இதனால்தான். இது ஏதோ அழகியல் விருப்பம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பூட்டிய ஹால்

2020 மார்ச்சில் ஹாலைப் பூட்டினார்கள். வகுப்பு வீடியோ அழைப்புக்குப் போனது. அதில் ஒலி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு தாமதமாக வந்து சேரும். ஏழு பேரும் ஜில் வாசித்தால் பாத்திரக்கடை போல ஆகிவிடும் என்பதால் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடினார்கள். லீடரைப் பார்த்துப் பின்தொடர்வது என்ற வேலையே இல்லாமல் போயிற்று. ஆசிரியை மட்டும் திரையில், மற்றவர்கள் தத்தம் வீட்டு ஹாலில்.

அந்த நிலையில் எதைக் கற்பிக்க முடியுமோ அதை அவர் கற்பித்தார். எட்டு அடி, பதினாறு அடி என்று கோத்த காம்போக்கள். அவற்றில் பலவும் அவரே அமைத்தவை. ரேச்சல் பிரைஸ் போன்றவர்கள் 2000-களில் பிரபலமாக்கிய ஃப்யூஷன் பாணி, அதாவது மெல்ல நெளிந்து சட்டென்று பூட்டிக்கொள்ளும் உடலசைவுகள், அவரை ரொம்ப நாளாக ஈர்த்து வந்தன. அவற்றைப் பழைய அசைவுகளோடு பின்னினார். நன்றாகவே இருந்தன, வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்த வகுப்பு எவ்வளவு ஆறுதல் என்பதையும் சொல்ல வேண்டும். மாணவிகளும் சும்மா இல்லை. வேறு நாட்டு ஆசிரியர்களின் ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்து ஆளுக்கொரு சரக்கைச் சேர்த்துக்கொண்டார்கள்.

2021 இலையுதிர் காலத்தில் ஹால் திறந்தது. எல்லோரிடமும் காட்டுவதற்குப் புதிதாக ஏதோ இருந்தது.

தெருத்திருவிழா மேடை

2022 ஜூலை. ஊர்த் தெருத்திருவிழாவில் இருபது நிமிட நிகழ்ச்சி. பலகை மேடை, நாற்பதடி தள்ளி வறுத்த சோளக் கடை, வெயில். நானும் இன்னொரு வாத்தியக்காரரும் மேடையின் வலது ஓரத்தில். மூன்றாவது உருப்படி மக்ஸூம் என்ற அரபுத் தாளத்தில், வேகமாக, நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 அடி. முன்னால் நால்வர், ஆசிரியை லீடர்.

புதிய காம்போ ஒன்றை எடுத்தார். நான்கு அடிக்கு வழக்கமான அசைவு. நான்காவது அடியில் இடது கை மார்புக்கு வரும். ஐந்திலிருந்து இடப்பக்கமாக ஒரு சுழல், முடிவில் முழங்கால் மடிந்து உடல் தாழும். அன்று அவருக்குப் பின்னால் இருந்தவர் அதையே செய்தார். வலது கோடியில் இருந்தவர் வழக்கமான வலப்பக்கத் திருப்பம் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சுழன்றார். நடுவில் இருந்தவர் அரை அடி தயங்கிவிட்டு இடப்பக்கம் போனார். இருவரின் முன்கைகளும் மோதின.

எனக்கு முதலில் காதில்தான் விழுந்தது. நான்கு ஜோடி ஜில் ஒலித்துக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஓசை மெலிந்தது. ஒருவரின் கட்டைவிரல் ஜில் எலாஸ்டிக் அறுந்து பலகையில் உருண்டு, இடுக்கு வழியாக மேடைக்கு அடியில் போய் விழுந்தது. அவருடைய பெல்ட்டின் குஞ்சம் அடுத்தவர் பாவாடைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. மாட்டிய இருவரும் அதை விடுவிக்கும் வரை ஆசிரியை திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க முடியாத இடத்தில் அல்லவா நிற்கிறார். பின்வரிசை குலவையிட்டுச் சமாளித்தது. கூட்டம் கைதட்டியது. முன்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான் சேதம். ஆனால் அன்று மாலை வண்டியில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

வீடியோவில் பார்த்தது

அடுத்த வாரம் பார்வையாளர் ஒருவர் எடுத்த வீடியோவை வேகம் குறைத்துப் போட்டுப் பார்த்தோம். முதலில் எழுந்த பேச்சு, வலது கோடிக்காரருக்குப் பயிற்சி போதாது என்பது. ஆசிரியை அதை ஏற்கவில்லை. அவர் பார்க்கச் சொன்னது சைகையை. மார்புக்கு வந்த இடது கை பார்வையாளர்களுக்கு அழகாகத் தெரிந்தது. பின்னால் நின்றவர்களுக்கோ அவருடைய முதுகே அதை மறைத்துவிட்டது. தெரிந்திருந்தாலும் ஒரே ஓர் அடிதான் அவகாசம். அந்த வேகத்தில் அது அரை நொடிகூட இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளிவந்தது. குழுவில் புழங்கும் எல்லா அசைவுகளையும் ஒரு பெரிய தாளில் எழுதினார்கள். ஒரே கைநிலை இரண்டு அசைவுகளுக்குச் சைகையாக இருந்தது. ஒன்று பழையது, மற்றது ஆன்லைன் வகுப்பிலிருந்து வந்தது. ஒரே காம்போவை மூன்று பேர் மூன்று விதமாக முடித்தார்கள். திரையில் பார்த்துக் கற்றதில் ஒருவருக்கு இடவலமே மாறியிருந்தது.

இவையெல்லாம் கிளைகள்தான். மனப்பாடமான தொடருக்குச் சைகை தேவையில்லை, அடுத்து என்ன என்பது உடம்புக்கே தெரியும். ஒன்றரை ஆண்டு காம்போ மட்டுமே ஆடியதில், சைகை கொடுக்கும் பழக்கம் லீடருக்கும் அதைத் தேடும் பழக்கம் மற்றவர்களுக்கும் தேய்ந்துபோயிருந்தது. இப்போது அதே காம்போக்களை முன்னறிவிப்பு இல்லாத ஆட்டத்துக்குள் கொண்டுவந்து போட்டதில்தான் கோளாறு. என் வேர்க்காரணம் அதுதான். ஆசிரியையும் பிறகு அதே முடிவுக்கு வந்தார்.

எடுத்த முடிவுகள்

குழுவில் இரண்டு கட்சி. மூத்த உறுப்பினர் ஒருவர், புதியதை எல்லாம் தள்ளிவிட்டு 1987 மரபின் அசைவுகளோடு நிற்கலாம் என்றார். இளையவர் ஒருவர், இனி எல்லாவற்றையும் முன்கூட்டியே கோத்து ஆடலாம், மோதல் வராது என்றார். ஆசிரியை இரண்டையும் மறுத்தார். முதலாவதை மறுத்த காரணம் எளிது: அந்த அசைவுகளும் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் பின்னால் நின்ற தோழிகளோடு சோதித்துச் சேர்த்தவைதான். இரண்டாவதை மறுத்தபோது அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "கோத்து ஆடினால் நாம் ஒருவரை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை. அப்புறம் எதற்குச் சேர்ந்து ஆடுகிறோம்?"

புதிய அசைவுகளைக் கைவிடாமல், ஒவ்வொன்றையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துவது என்று முடிவாயிற்று. சைகை தோளுக்கு மேலோ முதுகிலோ தெரிய வேண்டும். அசைவு தொடங்கும் தாளச் சுற்றுக்கு முந்தைய சுற்றிலேயே வந்துவிட வேண்டும். வேறெதற்கும் அதே சைகை இருக்கக் கூடாது. முடிவில் உடல் வழக்கமான நிலைக்குத் திரும்ப வேண்டும், அங்கிருந்து எந்த அசைவுக்கும் போகும்படியாக. அந்த அசைவை அறியாத ஒருவரை வலது கோடியில் நிறுத்தி ஆடிப் பார்ப்பது. இரண்டாம் முறை வரும்போது அவர் பிடித்துவிட்டால் சேர்ப்பது, இல்லாவிட்டால் திருத்துவது. அறியாதவர் வேண்டும் என்பதற்காகத் தொடக்க வகுப்பு மாணவிகளை மாறி மாறி அழைத்தார்கள். அதில் அவர்களுக்கு ஒரே பெருமை.

நான்காவது முடிவோ ஐந்தாவதோ, நினைவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் மாற்றியது அதுதான்: ஒத்திகையில் ஆசிரியை இனி கடைசி இடத்தில் நிற்பார். லீடர் மாறி மாறி வருவது மரபிலேயே உள்ள விதி. இந்தக் குழுவிலோ நடைமுறையில் பெரும்பாலும் அவர்தான் முன்னால். அவர் நல்ல உயரம், கை நீளம். அவர் உடம்பில் தெளிவாகத் தெரியும் சைகை மற்றவர்கள் உடம்பில் தெரியுமா என்று யாரும் பார்த்ததில்லை.

முதல் நாள் தபால் ஊழியர் லீடராக நின்றார். குள்ளமானவர், தோளில் பழைய வலி வேறு; கை காதுக்கு மேல் போகாது. ஆசிரியையின் காம்போ ஒன்றையே எடுத்தார். ஆசிரியைக்குப் பிடிபடவில்லை. தன்னுடைய சொந்த காம்போ. இரண்டாம் முறையும் தவறவிட்டார். மூன்றாம் முறை நின்றுவிட்டு, இடுப்பில் கைவைத்து, "சரி, இதைத் தூக்கிப் போடுவோம்" என்றார். தபால் ஊழியர் விடவில்லை. கையை உயர்த்துவதற்குப் பதிலாக வலது முழங்கையை வெளியே தள்ளிக் காட்டினார். பின்னாலிருந்து அது கதவு திறப்பது போலத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது எல்லோரும் அந்தச் சைகையைத்தான் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி கிடைக்கவில்லை. மோதலுக்குக் காரணமான சுழலை வலப்பக்கமாக மாற்றிப் பார்த்தார்கள். பிடிக்க முடிந்தது, ஆனால் அதன் அழகே அந்த எதிர்பாராத இடப்பக்கத்தில்தான் இருந்தது. மாற்றியபின் சாதாரணத் திருப்பம் ஆகிவிட்டது. குழு ஆட்டத்திலிருந்து நீக்கினார். தனியாக ஆடும்போது மட்டும் வைத்துக்கொள்கிறார். உடல் தாழும் பகுதி மெதுவான பாட்டுக்குப் போனது. அங்கே ஜில் இல்லை, கைகள் தலைக்கு மேலிருந்து இறங்க நேரம் உண்டு.

ஸார் பற்றிய ஆட்சேபம்

இதே மாதங்களில் இன்னொரு விஷயமும் கிளம்பியது. அயூப் தாளத்தில் ஓர் உருப்படி. சாம்பிராணிப் புகை, கூந்தலை வீசிச் சுழற்றும் தலையாட்டம். அயூப் எகிப்தில் ஸார் சடங்கோடு நெருங்கிய தாளம். உடம்பைப் பிடித்த ஆவியைச் சாந்தப்படுத்தப் பெண்கள் கூடி நடத்துவது ஸார். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பெற்றோர் எகிப்தியர். தன் பாட்டி ஸாருக்குப் போவார் என்றும், அது வீட்டுக்குள் நடப்பது, சோளக் கடைக்கு எதிரே நடப்பது அல்ல என்றும் சொன்னார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இந்த நடனங்களை வேடிக்கைப் பொருளாக வைத்ததிலிருந்து இதுதான் கதை என்றும் சேர்த்துக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் உறைத்தது.

ஆசிரியை தாளத்தை வைத்துக்கொண்டார். அயூப் மற்ற ஆட்டங்களிலும் வருவதுதான். தலையாட்டத்தையும் புகையையும் எடுத்துவிட்டார். நிகழ்ச்சிக்கு முன் இது கலிஃபோர்னியாவில் பிறந்த ஆட்டம், எது எங்கிருந்து எடுத்தது என்று சுருக்கமாகச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். அந்த மாணவி முழுத் திருப்தி என்று சொல்லவில்லை, ஆனால் தொடர்ந்து வருகிறார்.

வகுப்பின் தொடக்கத்தில் செய்யும் வணக்கத்துக்கு இந்த மரபில் 'பூஜா' என்று பெயர். ஒரே இந்தியன் என்பதால் என்னைக் கேட்டார்கள். பெயர் என்னை உறுத்தவில்லை. அதற்காகக் குத்துவிளக்கைக் கழிவறை வாசலில் வைத்திருந்ததுதான் உறுத்தியது. விளக்கு இடம் மாறியது.

'ட்ரைபல்' என்ற சொல் பற்றியும் பேச்சு வந்தது. பழங்குடி மக்களைக் குறிக்கும் சொல்லை அவர்களோடு சம்பந்தமில்லாதவர்கள் ஒட்டிக்கொள்வது சரியா என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் வலுத்து, நெரிச்சியோவே 2020-இல் தன் பாணியின் பெயரிலிருந்து அதை எடுத்திருந்தார். இந்தக் குழுவும் சுவரொட்டியில் எடுத்தது. அதன் விலை: இணையத்தில் தேடுபவர்கள் இன்னமும் பழைய சொல்லைத்தான் தட்டுகிறார்கள். அடுத்த பருவத்தில் புதிய சேர்க்கை கணிசமாகக் குறைந்தது.

அதன்பின் நடந்தவை

2023 ஜூலையில் அதே மேடை. அதற்குள் பதினான்கு புதிய அசைவுகள் சோதனைக்கு வந்து, ஐந்து தேறியிருந்தன. முன்னால் மூவர் ஆடும்போது லீடர், அதாவது பள்ளி ஆசிரியை, ஒரு சைகையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் மனம் மாறினார். பின்னால் இருந்த இருவரும் அந்தத் தயக்கத்தையே பார்த்துவிட்டு அடிப்படை அசைவில் நின்றார்கள். எட்டு அடி கழித்து அவர் வேறொன்றை எடுத்தார், எல்லோரும் கூடவே போனார்கள். ஜில் ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. எனக்கு அன்றைய நிகழ்ச்சியிலேயே பிடித்த இடம் அதுதான். கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கோத்து ஆட வேண்டும் என்ற இளையவர் விலகித் தன் குழுவைத் தொடங்கினார். அவர்கள் நன்றாக ஆடுகிறார்கள். இரண்டு குழுவும் ஒரே ஹாலை வெவ்வேறு நாட்களில் பயன்படுத்துகின்றன. மரபோடு நிற்கலாம் என்ற மூத்தவர் இருக்கிறார், சோதனையில் மிகக் கறாரான நடுவராக. ஒன்பது அசைவுகள் தள்ளுபடியானதில் அவர் பங்கு பெரிது. சில நாள் அது ஆசிரியைக்கு எரிச்சல் தருவதும் உண்டு. தன் வகுப்பில் தான் அமைத்ததை மாணவி நிராகரிப்பது எளிதில் செரிக்கும் விஷயம் இல்லைதானே.

மறுபடி செய்வதானால்

ஆன்லைனில் காம்போக்களுக்குப் பதிலாகச் சைகைகளைக் கற்பித்திருக்கலாம் என்கிறார் ஆசிரியை. லீடரின் முதுகை மட்டும் பதிவு செய்து அனுப்பி, அடுத்து என்ன வரும் என்று சொல்லச் சொல்வது. அதற்கு ஒலி தேவையில்லை, தாமதமும் தடையில்லை. இப்போது வீட்டுப்பாடமாக அதைக் கொடுக்கிறார். ஹால் திறந்ததும் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளாமல் ஒரு பருவம் வெறும் பழைய அசைவுகளோடு சேர்ந்து ஆடியிருக்கலாம் என்பது மூத்தவரின் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது, ஆனால் அத்தனை நாள் அடைந்து கிடந்தவர்களிடம் மேடை வேண்டாம் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

என் தரப்பில் சொல்வதானால், சோதனையில் வாத்தியக்காரரையும் முதலிலிருந்தே சேர்க்க வேண்டும். பதிவு செய்த பாட்டுக்குத் தேறிய ஓர் அசைவு, வாசிப்பு கொஞ்சம் வேகமெடுத்ததும் தடுமாறியதைப் பிறகுதான் கண்டோம். இப்போது மூன்று வேகத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.

அடுத்து வரிசையில் நிற்பது கர்ஷிலமா. 2-2-2-3 என்று எண்ணும் ஒன்பது அடித் தாளம். ஆசிரியை அதற்கு இரண்டு அசைவுகள் அமைத்திருக்கிறார். கடைசி மூன்றில் சைகை கொடுத்தால் அடுத்த சுற்றுக்குள் பின்வரிசை பிடிக்க முடியவில்லை. நடு இரண்டில் கொடுத்தால் அதையே அசைவு என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள். தபால் ஊழியர் முதல் இரண்டில் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். செவ்வாய்க்கிழமை ஆடிப் பார்க்கிறோம்.